பதினைந்து எண்ணும்வரை பச்சை

வல்மியெரா நகரத்தில் நான் பல் செய்கிறேன்.
பிறர் வாய்க்கான பல்.
மேசைமேல் பதினாறு வெண்மைகள் வரிசையாக நிற்கும்:
பால், தந்தம், பழைய காகிதம்,
முப்பது வருடம் காப்பி குடித்த வெண்மை.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
மயிரிழை இடைவெளி.
அந்த இடைவெளிதான் என் சம்பளம்.

அதனால்தானோ என்னவோ
வேலை முடிந்து கதவைத் திறந்ததும்
கண் பச்சைக்குப் பறக்கும்,
பத்தியச் சோறு தின்ற நாக்கு
ஊறுகாய்க்குப் பறப்பதுபோல்.

கௌயா ஆற்றங்கரையில் பச்சைக்குப் பஞ்சமில்லை.
சுருள் அவிழும் பெரணி,
தவளையின் ஈர முதுகு,
ஆல்டர் இலையின் அடிப்பக்கம்,
எல்லாவற்றுக்கும் மேலாகப் பைன் மரத்தடிப் பாசி.
கால் வைத்தால்
மூச்சை உள்ளே இழுத்து, மெல்ல விடும் பாசி.

அதில் ஒரு பிடியைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.
அவ்வளவுதான் ஆசை.
"கடையில் விற்கிறதே கையுறை" என்றான்
மாடி வீட்டு இங்குஸ்.
கடைப் பச்சையை எனக்குத் தெரியும்.
அது வாளியின் நிறம்.

ஜூன் மாதம், ஒரு சாக்கு பிர்ச் இலை,
படிகாரம், வெள்ளைக் கம்பளி நூல்.
பானை கொதித்து, வீடெல்லாம் மழை பெய்த காட்டு வாசம்.
நூலைத் தூக்கினால் மஞ்சள்.
செந்தட்டி பறித்துக் கை தடித்ததுதான் மிச்சம்.
மஞ்சள்.
கேரட் தழை, மஞ்சள்.
கடைசியில் வெறும் புல்லையே வேகவைத்தேன்.
அதுவும், கொஞ்சம் வெட்கத்தோடு,
மஞ்சள்.

இத்தனை பச்சையும் பச்சைப் பொய்யா
என்று அடுப்படியில் உட்கார்ந்து
வாய்விட்டுச் சிரித்தேன்.
இங்குஸ் இறங்கி வந்து, பானையை முகர்ந்து,
"சூப்பா?" என்றான்.

பிறகு வோட்.
கடுகுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் அந்தச் செடி.
வெளியே மஞ்சள் பூவைக் காட்டிவிட்டு
இலைக்குள் நீலத்தைப் பதுக்கி வைத்திருக்கும் கள்ளி.
கசக்கி, ஊறவைத்து, காற்றுப் புகாமல் மூடி
மூன்று நாள் காத்திருந்தேன்.
அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.
மாடியில் ஜன்னல் அறைந்து சாத்திய சத்தம் போதும்.

வெள்ளை நூலை முக்கி எடுத்தேன்.
பச்சை.
சொட்டச் சொட்டப் பச்சை,
பெயர் வைக்காத பச்சைக் குழந்தையாக
இரண்டு கையிலும் கிடந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று...
காற்று தொட்டது. ஓரத்தில் நீலம் ஏறியது.
பதினைந்து எண்ணுவதற்குள்
என்னிடம் இருந்தது வானம்.

மறுபடி முக்கினேன்.
மறுபடி பச்சை, மறுபடி நீலம்.
அந்தக் கோடையில்
பதினைந்து எண்ணிக்கைப் பச்சைக்காக
ஊரில் பாதிக் கால்களுக்கு
நீலக் காலுறை பின்னிக் கொடுத்தேன்.
கூட வேலை செய்யும் ஸ்கைத்ரிதே
நான்காவது ஜோடிக்கு நன்றி சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சாயம் களைத்துவிட்டது.
கொட்டப் போகுமுன், வீணாக்குவானேன் என்று
மூலையில் கிடந்த மஞ்சள் நூலைப் போட்டேன்.
தூக்கினேன். பச்சை.
இதிலென்ன புதுமை என்று எண்ண ஆரம்பித்தேன்.
பதினைந்து.
முப்பது.
நூற்றுப் பத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு
ஈரக் கையோடு முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
மறுநாள் பல் கூடத்தில்
என் கன்னத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு கையுறைகள்.
பத்து இரவில் பின்னி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனேன்.
காளான் ஒன்றைக் கிள்ள
இடக்கை உறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.
பக்கத்தில்தான்.
திரும்பினால் பாசி.
மண்டியிட்டுத் தடவினேன்.
பாசி, பாசி, பைன் ஊசி, பாசி.
பதினாறு வெண்மையைப் பிரித்துச் சொல்லும் கண்
இரண்டு பச்சையைப் பிரிக்கத் தெரியாமல் விழித்தது.
இருபத்திரண்டு வருடத் தொழிலில்
இவ்வளவு கச்சிதமாக
எதையும் எதோடும் பொருத்தியதில்லை நான்.

திரும்பும் வழியில்
பிர்ச் மரங்கள் ஒவ்வோர் இலையாக
மஞ்சளை ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருந்தன.
வலக்கை வெதுவெதுப்பு.
இடக்கை சட்டைப்பைக்குள்.

"இன்னொன்று எங்கே?" என்றான் இங்குஸ்.
சொன்னேன்.
டார்ச் எடுத்து வருகிறேன் என்று படியேறினான்.

வேண்டாம், நாளை போகலாம் என்றேன்.
இன்று ஓர் இரவு
அது அங்கேயே இருக்கட்டும்.